மொட்டை போட்டவர்தான் நோயாளி

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரில் ஒருவர் நலம், ஒருவர் சிகிச்சையில். யார் எது என்பதில்தான் பார்க்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சண்டை போடும் அளவுக்காவது தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் ஃபோனில், மிச்சமிருக்கும் கீமோ ஊசிகளை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன் என்று நான் சொன்னதும் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அப்பா ஃபோனைத் தட்டிக்கூடப் பார்த்தார். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் நடுவில் அழுவாய், நான் சொல்லவந்த வேடிக்கை கெட்டுவிடும்.

முதலில் உன் அப்பாவின் தலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாளே, உனக்கு முடி கொட்டும்போது துணை வேண்டாமா என்று சலூனுக்குப் போய் மழுங்க வழித்துக்கொண்டு வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு ஏற்றும் மருந்துக்கு முடி அவ்வளவாகக் கொட்டாதாம். சீப்பில் நாலு முடி கூடுதலாக வந்தது, கொண்டை கொண்டையாகவே இருக்கிறது. இதில் அவருக்கு என்மேல் லேசான வருத்தம்கூட உண்டு. சரி, வளரவிடுங்கள் என்றால், எடுத்த முடிவு எடுத்ததுதான் என்று அடிக்கடி போய் வழித்துக்கொண்டு வருகிறார். விளைவு, விசாரிக்க வருகிறவர்கள் நேரே அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தைரியமா இருங்க சார், எல்லாம் மனசுலதான் இருக்கு என்கிறார்கள். எனக்கு ஒண்ணுமில்லங்க என்று முதலில் மறுத்துப் பார்த்தார், இந்தத் தெம்புதான் சார் முக்கியம் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஆப்பிள் கூடைகள் வர ஆரம்பித்ததும் மறுப்பதையும் விட்டுவிட்டார், இப்போது வேண்டிய இடத்தில் நன்றாகவே இருமுகிறார். மருந்து ஏறிய கையோடு நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். ஊசியைப் பார்த்த பிறகுதான் மனிதர் உண்மையைக் கக்கினார்.

சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாயில் எந்நேரமும் பழைய சாவியைச் சப்பிய ருசி, விரல் நுனி மரத்து ஒரு ஊக்கு மாட்டமுடியவில்லை, இதில் எந்த இடத்தில் சிரிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த அலுப்பில்தான் உன்னிடம் அப்படிச் சொன்னேன். முந்தாநாள் மாடிவீட்டு வக்கீல் வந்தார். அப்பாவிடம் தன்னம்பிக்கையைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். முகத்தைப் பாத்தாலே தெரியுதும்மா, எதுக்கு இன்னும் ஊசியப் போட்டு அவரைப் படுத்துறீங்க, போதும்னு விட்டுருங்க, இருக்கிறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும் என்றார். கிட்டத்தட்ட நான் உன்னிடம் சொன்ன அதே வாசகம். நான் தலையாட்டியிருக்க வேண்டும். நூலகத்தில் மற்றவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள், தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். யாரைக் கேட்டு விடச் சொல்றீங்க, கட்டி பாதியாச் சுருங்கியிருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு, மிச்சத்தையும் முடிக்காம இந்த வீட்டுல யாரும் எங்கயும் போகப்போறதில்ல, ஒருத்தர் இல்லேன்னா இன்னொருத்தர் என்ன பண்றதுன்னு யோசிச்சீங்களா என்றேன். வக்கீல் தண்ணீர் குடிக்காமலே படியேறிவிட்டார். கூடத்திலிருந்த நோயாளி கையில் பாதி ஆப்பிளோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். உங்க கேஸை ஜெயிச்சுட்டேன், போய் உட்காருங்க என்றேன். அப்பா கூடத்துக்குத் திரும்பிய பிறகு அந்த டம்ளர் தண்ணீரை நானே குடித்தேன், கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஆகவே வியாழக்கிழமை ஊசிக்குப் போகிறேன், மிச்சத்தையும் போட்டுக்கொள்கிறேன். நீ அடித்துப்பிடித்துக்கொண்டு விமானம் ஏறாதே. என் நாக்குக்கு ருசி திரும்பட்டும், அப்போது வா, சேர்ந்து சாப்பிடலாம். ஃபோன் செய்யும்போது அப்பாவின் உடம்பையும் ஒரு வார்த்தை விசாரி, இல்லாவிட்டால் முகம் வாடிப்போகிறது. உன் கடைவாய்ப் பல்லை மறக்காமல் டாக்டரிடம் காட்டு, ஊசிக்குப் பயப்பட நம் வீட்டில் ஒரு ஆள் போதும். நீங்கள் இருவரும் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும், அதை நான் இருந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கொண்டை கலையாத உன் அம்மா