தெரியாத ருசி

மாதனூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெயசீலன் அண்ணனுக்குத் தங்கை சோபனா வணக்கம். எத்தியோப்பியாவில் குளிர் என்றீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்கள் மாப்பிள்ளை காதில் விழும். அதனால் உங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வரும் அஃப்ஸர் ஜஹான் அக்கா மகனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்றுக்கட்டிக்குக் கதிர் கரண்ட் வைத்ததிலிருந்து அவருக்கு ருசியே தெரியாமல் போனது உங்களுக்குத் தெரியும். பிரியாணி என்றால் ஷிப்ட்டை விட்டு ஓடி வருகிற மனிதர், “மண்ணு மாதிரி இருக்குது” என்று துப்பினார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். “தெரிஞ்ச ருசியத்தான் நாக்கு மறந்துட்டுது. தெரியாதத குடுத்துப் பாரு.”

கிவி, டிராகன் பழம், கடற்பாசியில் சுற்றிய ஜப்பான் சோறு என்று தேடித் தேடி வாங்கினேன். நீலப் பூஞ்சை படர்ந்த பாலாடைக்கட்டியை எங்கள் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்தபோது, பக்கத்து சீட்டு சுந்தரி, “இன்னாடி இது, தூக்கி வெளிய போடு” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடி மெல்லுவார். அப்புறம் தலையை ஆட்டிவிடுவார்.

நீங்கள் அனுப்பிய அந்த ஊர் மிளகாய்ப்பொடியைச் சோற்றில் பிசைந்து தின்றவர், “தெரியுது சோபனா, தெரியுது!” என்று கத்தினார். நானும் கை தட்டிச் சிரித்துவிட்டேன். உதட்டோரம் ரத்தத்தை அப்புறம்தான் பார்த்தேன். வாய்ப்புண் எரிந்ததை ருசி என்று நினைத்திருக்கிறார்.

அண்ணா, கட்டி திரும்ப வந்துவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மூக்கில் குழாய் வைத்து அனுப்பிவிட்டார்கள். கஞ்சி அதில்தான் போகிறது.

அதற்கப்புறமும், “நீ துன்னுட்டு எனக்குச் சொல்லு” என்பார். எதிரில் உட்கார்ந்து தின்பேன். எனக்கென்ன சொல்லத் தெரியும்? கொய்யாக்காய் மாதிரி, புளித்த மோர் மாதிரி என்பேன். அவர் விழுங்குவதுபோல் தொண்டையை அசைப்பார். நேற்று பேர் தெரியாத பழம் ஒன்றை அறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “போதும், வேணாம்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வலி மருந்து ஜாஸ்தியானால் ஆள் அடையாளமும் தெரியாதாம். லீவு கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் வாருங்கள். நீங்கள் வந்து “மாப்ள” என்று ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். நான் கூப்பிட்டால் பார்ப்பதில்லை.

நீங்கள் சீக்கிரம் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருக்கும்
தங்கை,
சோபனா