தக்காளி இலைகள் ஊதாவான தை மாதம்

இன்று காலை கண்ணாடிக் குழாயில் நீலம் ஏறியபோது, நீ பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. டெல்லி துவாரகாவில் நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு குடியிருப்பின் பூங்கா மண் வந்திருந்தது. வடிகட்டிய சாற்றில் மாலிப்டேட் கரைசலை விட்டு, வைட்டமின் சி சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன். வெறும் தண்ணீராகத் தெரிந்தது மெல்ல மெல்ல நீலமாயிற்று. எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! இன்றும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பாஸ்பரஸ் "இதோ இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும் நிறம் அல்லவா அது! உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லக் கை போனுக்குப் போனது. நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முனிர்காவில் ஜன்னலே இல்லாத அறையில் தங்கி நாம் எம்.எஸ்சி. வேதியியல் படித்தோம். நீ திருநெல்வேலி, நான் சேலம். எங்களுக்கெல்லாம் பாடமாக இருந்த தனிமங்கள் உனக்கு மட்டும் நன்கு பழகிய மனிதர்கள் போல. அதிலும் பாஸ்பரஸ் என்று ஆரம்பித்தால் உன் டீ ஆறிப்போகும்.

"ஏட்டி, தங்கம் கிடைக்கும்னு ஒருத்தன் வாளி வாளியா மூத்திரத்தக் காய்ச்சியிருக்கான். தங்கம் வரல. இருட்டுல தானா மினுங்குற சாமான் வந்திருக்கு! அதேதான் தீப்பெட்டி ஓரத்துலயும் இருக்கு, உன் பல்லுலயும் இருக்கு. அது இல்லாம ஒரு செடி வேர் விடாது, பாத்துக்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். நீ சிரித்துக்கொண்டே என் டீயையும் எடுத்துக் குடித்தாய்.

அந்தத் தை மாதத்தில்தான் செல்வி அக்கா வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். நம் தெருவில் வீட்டு வேலை செய்தவர், அதை விட்டுவிட்டுக் கணவரோடு யமுனைக் கரையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தார். சால்வைக்குள்ளிருந்து நாலைந்து இலைகளை எடுத்து நீட்டினார். மேலே கரும்பச்சை, அடியில் ஊதா.

"செடி வளரவே மாட்டேங்குது பாப்பா. இது சீக்குன்னு பக்கத்து நிலத்து இந்திக்கார அண்ணன் சொல்றாரு. அவரு செடிக்கும் ஒட்டிக்குமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் புடுங்கச் சொல்றாரு."

நீ இலையைத் திருப்பிப் பார்த்தாய். "சீக்கு இல்லக்கா, இது பசி. மண்ணுல பாஸ்பரஸ் இருக்காது. புடுங்கிராதிய. நாங்க சோதிச்சுச் சொல்லுதோம்."

மறுநாள் பனிமூட்டத்தில் இரண்டு பஸ் மாறிப் போனோம். நிலம் முழுக்கக் குறுகிய ஊதாச் செடிகள், வைக்கோல் போர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. ஆறு இடத்தில் மண் எடுத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து, சமையல் சோடாவில் இருக்கும் அதே உப்பின் கரைசலில் குலுக்கி வடிகட்டினோம். "வெளிறித்தான் இருக்கும் பாரு" என்றாய். ஆனால் குழாயில் ஏறியது அடர் நீலம்! மண்ணில் பாஸ்பரஸ் தாராளமாக இருந்தது. மறுபடி செய்தோம். அதே நீலம். மூன்றாவது முறையும் அதேதான்.

அன்று சனிக்கிழமை. "அப்போ சீக்குதானா?" என்று நான் கேட்டேன். நீ குழாய்களைக் கழுவப் போனாய். தண்ணீர் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருக்க வேண்டும். ஒரு மூடி தரையில் விழ, குனிந்து எடுக்கப் பார்த்தாய். விரல்கள் மடங்கவே இல்லை. இரண்டு முறை நழுவவிட்டாய். அப்படியே குந்தியிருந்தபடி கத்தினாய்.

"ஏட்டி! சோறு இருக்கு, அள்ளத்தான் முடியல! வைக்கோல் போர் ஓரத்துச் செடி மட்டும் பச்சையா நின்னுச்சே, பாத்தியா?"

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பாஸ்பரஸ் மண்ணில் நகர்வதே அரிது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். குளிர்ந்த மண்ணில் வேர் பரவாமல் முடங்கிக் கிடந்தது. வைக்கோல் கதகதப்பாகக் காத்த இடத்தில் மட்டும் வேர் நடமாடியிருக்கிறது.

ஞாயிறு விடிந்ததும் போனோம். செல்வி அக்காவின் கணவர் கையில் ஏற்கனவே ஒரு செடி இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாய். "நான் மொதல்ல சொன்னது தப்புண்ணே, உரக் குறை இல்ல. குளிருதான்" என்றாய். அதையே பக்கத்து நிலத்துக்காரருக்கு இந்தியில் சொன்னாய். தவறை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும் ஆளை அவர் பார்த்ததில்லை போலும். வைக்கோல் ஓரத்துச் செடியையும் நடுநிலத்துச் செடியையும் பிடுங்கி, இரண்டு வேர்களையும் அவர் முன்னால் பிடித்தாய். ஒன்று தாடி போல, மற்றது நாலு நூல். அவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சா, பதினைந்து நாள் பார்க்கலாம்" என்றார்.

எல்லாச் செடிக்கும் வைக்கோல் பரப்பினோம். மாலையானால் பாலிதீன் விரிப்பு. பத்தாம் நாள் வெயில் வந்தது. அதற்கடுத்த மூன்றாம் நாள் போன். "பாப்பா, குருத்து பச்சையா வருது!" நாம் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவரையும் கையைப் பிடித்து ஆட வைத்தாய்.

பிறகு உனக்குக் கல்யாணம், கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பு, சாக்கடை நீரிலிருந்து பாஸ்பரஸை மீட்டெடுக்கும் ஆராய்ச்சி, அப்புறம் அந்த நோய். கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோது எழுந்து உட்காரக்கூட உன்னால் முடியவில்லை. ஆனாலும் நகரத்துச் சாக்கடையில் ஒரு உரச் சுரங்கமே ஓடுகிறது என்று கண் மின்னச் சொன்னாய்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "மேம், யே கலத் ஹை... நீங்க போட்ட அளவு தப்புன்னு நினைக்கிறேன்" என்றாள் இந்தியில், பயந்து பயந்து. பார்த்தேன். தப்புதான். வெட்கம் வருவதற்கு முன்னால் எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. "எங்கே, காட்டு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்தத் துள்ளல் என்னுடையது இல்லையடி. உன்னுடையது.