புது அறைக்குள் கத்தும் பெட்டி

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

பத்து காஜாவிலிருந்து அம்மா எழுதுவது. நலம் என்று முதல் வரி எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, அதனால் இங்கே இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்குகிறது, கைகால் ஓடுகிறது என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை சுரேனும் உன் வயிற்றில் இருக்கும் உயிரும் முருகன் புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைத் தட்டிவிடுகிறார், இது அவர் காதுக்குப் போகாமல் முதலில் உன்னிடம் வர வேண்டிய விஷயம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ புகுஷிமாவுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து நான் உன்னை நச்சரித்தது உனக்கே தெரியும். உலகத்தில் வேறு ஊரே இல்லையா, அணு உலை வெடித்த ஊர்தான் கிடைத்ததா என்று கேட்காத நாள் இல்லை. பிள்ளை உண்டானதும் இன்னும் மோசமாகிவிட்டேன், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், கிளம்பி வா, அந்த விஷக் காற்றில் என் பேரப்பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஒரே பாட்டு. நீயும் சளைக்காமல், இங்கே ஊர்ஜனங்களே கதிர்வீச்சு காட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அளக்கிறார்கள், அரசாங்கம் சொல்வதையும் கம்பெனி சொல்வதையும் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன் என்று சொல்வாய். கடைசியில் என் வாயை அடைக்க அதே மாதிரி ஒரு பெட்டியைத் தபாலில் அனுப்பினாய். "நம்ப வீட்டுல வச்சுப் பாரும்மா, என் வீட்டு நம்பரும் உங்க வீட்டு நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும், பாத்துட்டு அப்புறம் பேசு" என்றாய். உன் வீட்டில் சைபர் புள்ளி ஒன்று என்றும், அந்த அளவு எந்த ஊரிலும் இருப்பதுதான் என்றும் சொன்னாய்.

பெட்டி வந்ததும் வாசலில் வைத்துப் பார்த்தேன், சைபர் புள்ளி இரண்டு, நீ சொன்னதற்குப் பக்கம்தான். அடுப்படியிலும் அதேதான். சரி, பிள்ளை ஜெயித்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே புது அறைக்குப் போனேன், நீ வந்து பிள்ளை பெற்றுப் படுக்க வேண்டும் என்று உன் அப்பா பின்பக்கம் இழுத்துக் கட்டினாரே, அந்த அறைதான். பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவும் கூட வந்தாள். இங்கேதான் தினேஸ் படுக்கப்போகிறாள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பெட்டி டக் டக் டக் என்று விடாமல் தட்ட ஆரம்பித்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பல்லி சொல்லுதுடி கலா, நல்ல சகுனம், சுகப்பிரசவந்தான் போ" என்றாள். நானும் சுவரில் விரலால் தட்டிக் கும்பிட்டுவிட்டு, எந்த மூலையில் உட்கார்ந்து சொல்கிறது என்று அண்ணாந்து தேடினேன், நம் புத்தி எங்கே போகும். கூரையில் ஒரு பல்லியும் இல்லை. கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தால் அது மூச்சு விடாமல் கத்துகிறது, நம்பர் ஒன்றைத் தாண்டி ஏறுகிறது. உடனே அதை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன் தினேஸ். நீ போனில் நம்பர் என்னம்மா என்று கேட்டபோது பேட்டரி போய்விட்டது என்று சொன்னேனே, அது பொய்.

பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு உன் ஜப்பான்காரர்கள் மாதிரியே நானும் கிளம்பினேன். ராக்காயி அக்கா வீடு, கோயில் வாசல், முன்னே நாம் இருந்த தோட்டத்து லயத்தை இடித்த இடம், எங்கேயும் அது சாதுவாகத்தான் இருந்தது. நம் அறைக்குள் வந்தால் மட்டும் பேய் பிடிக்கிறது. பின்பக்கம் பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று தரையை உயர்த்த அப்பா லோரி மண் அடித்தது ஞாபகம் வந்து, லோரிக்கார அர்ச்சுனனிடம் என்ன மண் என்று கேட்டேன். "மண்ணு இல்லக்கா, அமாங்லா. ஈயம் எடுத்துட்டு மிஞ்சுன கறுப்பு மணல். கல்லு மாதிரி கெட்டியா உக்காரும். பிள்ளை வந்து படுக்குற ரூமு, ஸ்ட்ராங்கா போடுன்னு அண்ணந்தான் கேட்டாரு" என்றான். மூடிக் கிடக்கும் அந்தப் பழைய அமாங் கொட்டகைக்குப் பின்னால் அள்ளியதாம். நேற்று அங்கேயும் போனேன், குவியலுக்குத் தூரத்திலேயே பெட்டி அலறியது, கிட்டே போகத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். ஓர் அரசாங்க ஆபீசில் போய்ச் சொன்னேன், அங்கிருந்த பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் இருக்காது ஆன்ட்டி, ஆள் வந்து பாக்குறோம்" என்றான். என்றைக்கு வருவார்கள் என்று கேட்டதற்கு, போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னான். அவன் சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன், ஆனால் வேண்டிக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. உங்கள் ஊர்ஜனம் ஏன் தாங்களே அளக்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

உன் அப்பாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அந்த அறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, தொட்டில் கட்டக் கொக்கி போட்டு, வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். மத்தியானம் ஆனால் அங்கேதான் பாயைப் போடுகிறார், "குளுகுளுன்னு இருக்கு கலா, நீயும் வந்து படு" என்கிறார். பெயிண்ட் வாடையில் தலை வலிக்கிறது என்று சண்டை போட்டு அறையைப் பூட்டி, சாவியை அரிசித் தொட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், கிழவர் வீடு பூராவும் தேடிக்கொண்டிருக்கிறார். இதுவரை படுத்ததில் அவருக்கு என்ன ஆகும், சிமெண்டை உடைத்து மணலை அள்ள வேண்டுமா, அள்ளினால் எங்கே கொட்டுவது, யார் அள்ளுவது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது. எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. புலிக்குப் பயந்தால் விலகி ஓடலாம், இதைக் கண்ணாலும் பார்க்க முடியவில்லை, மூக்குக்கும் தெரியவில்லை. அதுவும் நாமே லோரி வைத்துக் கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டியிருக்கிறோம்.

அதனால் வராதே. வயிறும் பிள்ளையுமாக இருக்கும் மகளை வீட்டுக்கு வராதே என்று எந்தத் தாயாவது எழுதுவாளா, எழுதுகிறேன். என் நச்சரிப்பு தாங்காமல் எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் அப்பாவிடம் நானே சொல்லப்போகிறேன். இடிந்து போவார், தெரியும், ஆனால் வேறு யார் வாயாலும் அவர் கேட்கக் கூடாது. நீ போனில் முந்திக்கொள்ளாதே. பிரசவத்துக்கு நான் அங்கே வருகிறேன், பிளேன் ஏறத் தெரியாது என்று இத்தனை வருஷம் சாக்குச் சொன்னவள் ஈப்போ போய்ப் பாஸ்போர்ட் எடுக்கிறேன், பத்தியத்துக்கு வேண்டிய சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் கட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருப்பாய், தாயும் பிள்ளையும் முருகன் காவலில் இருப்பீர்கள். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. எந்த ஊருக்குப் பயந்து உன்னை வா வா என்று அழைத்தேனோ, அந்த ஊரிலேயே பிள்ளையைப் பெற்றுக்கொள் மகளே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. கலாதேவி