மீட்டரின் சிவப்புப் புள்ளி

நவம்பர் 4, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அறிவியல் மிஸ் எட்டாம் வகுப்பு முழுவதற்கும் ஒரு மாத வேலை கொடுத்திருக்கிறார். வீட்டில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்து, குறைத்து, தினமும் காலையில் மீட்டரைப் படித்து எழுத வேண்டும். கூடினால் கூடியதையே எழுதச் சொன்னார். பொய்க் கணக்கு அவர் கண்ணில் பட்டுவிடுமாம்.

வீட்டில் ஐந்து பேர். அப்பா லாரி ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் வருவார். அம்மா முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறார். தங்கைக்கு ஐந்து வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேலை தேடியபடி ஆறு மாதமாக எங்களோடு இருக்கிறார்.

காலை 6.30. ரீடிங் 4218.6.

நவம்பர் 6, வியாழன்

இதுவரை செய்தவை: டிவியை ரிமோட்டில் மட்டும் அணைக்காமல் சுவரிலும் அணைக்கிறோம். சார்ஜர்களைப் பிடுங்கி வைக்கிறேன். வாரத்துக்கு ஒரே நாள் இஸ்திரி. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. இது வாலுவுக்கான சட்டம். அவள் இப்போது மூடிய ஃபிரிட்ஜின் முன்னால் நின்று யோசிக்கிறாள். அரிசி வேகும்போது மூடி போடுகிறேன் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

மாமா எனக்கு மீட்டர் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார். அவர் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது நான் குளியலறை விளக்கை அணைத்துவிட்டேன். வேண்டுமென்றே அல்ல. பாதி மீசையோடு வெளியே வந்து, "மேடம், மீதியை நாளைக்கு வெளிச்சம் வந்ததும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா மதியமே கிளம்பிவிட்டார். மாமா எங்கோ போயிருந்தார். அம்மா வாலுவோடு நூல் வாங்கப் போனார். வீடு காலி. மிஸ் சொன்ன சோதனையைச் செய்ய நல்ல நேரம் என்று நினைத்தேன்: எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. வீட்டுக்குள் கரண்ட் ஓடும்போது சிமிட்டும். எதுவும் ஓடவில்லை என்றால் சிமிட்டாது.

சிமிட்டியது.

ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து நின்றேன். மறுபடியும் சிமிட்டியது. கடிகாரம் வைத்து எண்ணினேன். நாற்பத்தோரு நொடிக்கு ஒருமுறை. யாரோ மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பது போல.

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அம்மா வரும்வரை வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

மாமாவிடம் சொன்னேன். "நாம எல்லாரும் வெளிய போனப்புறம் யாரோ உக்காந்து டிவி பாக்குறாங்க போல" என்றார். வாலு அழுதாள். மாமாவுக்கு அம்மாவிடம் திட்டு விழுந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மிஸ்ஸிடம் கேட்டேன். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாக நிறுத்தி, படம் போட்டே விளக்கினார். சுவருக்குள் எங்கோ கரண்ட் கசியலாம். ஈரச் சுவராக இருந்தால் அப்படி நடக்கும். ஆனால் ஆபத்தான அளவுக்குக் கசிந்தால் போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச் உடனே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும்.

"உங்க வீட்டுல டிரிப் விழுதா?"

"இல்ல மிஸ்."

"அப்போ பயப்படாதே. எதுக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லு."

விழவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் எனக்குத் தேர்வு. அப்போது மழை. டிரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. ஏற்றிவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி விழும். வரலாற்றுத் தேர்வுக்கு முந்தின நாள் நான் புத்தகத்தைத் தூக்கி எறிந்து அழுதேன். மாமாதான் பாவம் பார்த்து, ஒரு துண்டு வயரை வைத்து, அந்த சுவிட்சைத் தாண்டிக் கரண்ட் போகும்படி நேராக இணைத்துவிட்டார். "இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணாது. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். போர்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. நான் சத்தியம் செய்தேன். வரலாற்றில் தொண்ணூற்றாறு.

எங்கள் வீட்டு டிரிப் சுவிட்சால் விழவே முடியாது.

நவம்பர் 12, புதன்

அம்மா பாத்திரம் தேய்க்கும்போது கையை உதறினார். ஏன் என்று கேட்டேன். குழாயைத் தொட்டால் கை ஜிவ்வென்று இழுக்கிறதாம். ஒரு மாதமாகவே இருக்கிறதாம். ஓயாமல் தைப்பதால் நரம்புத் தளர்ச்சி என்று அவரே முடிவு செய்து, மருந்துக் கடையில் கேட்டுச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார்.

எல்லா ஈரச் சுவரையும் விட்டுவிட்டு, கரண்ட் கசிவது அந்தக் குழாய்ச் சுவரில்தானா? அந்தப் பக்கம் குளியலறை. வாலு அங்கேதான் தண்ணீரில் உட்கார்ந்து விளையாடுவாள்.

அம்மாவை ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சமையலறையில் எதற்குச் செருப்பு என்றார். தரை ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னேன். இது பொய்.

நவம்பர் 13, வியாழன்

பள்ளியில் எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டிலிருந்து யாராவது என்னைத் தேடி வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் அந்த வயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் வீடு முழுக்க கரண்ட் நிற்கும், ஏன் என்று அம்மா கேட்பார், அது அப்பா காதுக்குப் போகும் என்றார். "நானே இங்க ஒட்டிக்கிட்டு இருக்கேன். வேலைன்னு ஒண்ணு கிடைச்சதும் நானே ஆளைக் கூட்டிட்டு வந்து சரி பண்றேன். திங்கக்கிழமை ஒரு இடத்துல சொல்றேன்னு சொல்லியிருக்காங்க, அதுவரைக்கும் பொறுத்துக்க." அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் பயம்தான். ஆனால் என்னுடைய பயம் வேறு, அவருடைய பயம் வேறு.

நவம்பர் 14, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சிவப்புப் புள்ளியை எண்ணினேன். பதினாறு நொடிக்கு ஒருமுறை.

நவம்பர் 15, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையிலிருந்து மழை. மாலை ஐந்து மணிக்கு மறுபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணினேன். ஒன்பது நொடி. சமையலறையில் டமார் என்று சத்தம். ஓடினேன். பானை கீழே கிடந்தது, தண்ணீர் எங்கும். அம்மா சுவரோரமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருந்தது என்றார். வாலு வெறும் காலோடு அந்தத் தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

நான் வாலுவை இழுத்து முன்னறையில் போட்டுவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

அம்மாவுக்குக் கோபம். ஆறு சட்டைக்குப் பட்டன் வைத்துத் தர வேண்டும், இருட்டிக்கொண்டு வருகிறது. "மீட்டர் விளையாட்டெல்லாம் போதும்டி, தள்ளு" என்றார். நான் நகரவில்லை. மாமா அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்பதால் தரையைப் பார்த்தேன். போட்டா நீ செத்துப் போயிருவம்மா, செத்துப் போயிருவ, என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. அம்மா அப்படித்தான் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் அப்பா நனைந்துபோய் வந்தார். இருட்டு வீடு, கையை விரித்துக்கொண்டு நிற்கும் நான். என்னடா இது என்று கேட்டார்.

"போர்டுல அந்த வயரை நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன் நான்.

"அவ சின்னப் புள்ள. செஞ்சது நான் அத்தான்" என்றார் மாமா. எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஆகஸ்டிலிருந்து, ஒன்று விடாமல்.

அப்பா லாரியிலிருந்து டெஸ்டரை எடுத்து வந்தார். எங்களை வாசலில் நிறுத்திவிட்டு, ரப்பர் செருப்போடு ஒரு பலகை மேல் ஏறி நின்று, மாமாவை மெயினைப் போடச் சொன்னார். டெஸ்டரின் முனையால் குழாயைத் தொட்டார்.

எரிந்தது. தண்ணீர்க் குழாயில் தொட்ட டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"அணை" என்றார் அப்பா. மாமா அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாலுவின் பாதங்களைத் தன் முந்தானையால் துடைத்தார். அவை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் வந்து சுவரை உடைத்தார். உள்ளே ஒரு வயர் இணைப்பு. மேலே சுற்றியிருந்த டேப் மக்கிப்போய், செம்பு ஈரத்தில் பச்சை பிடித்திருந்தது. போர்டைத் திறந்து மாமாவின் வயரைப் பார்த்ததும் அதைக் கழற்றி மாமா கையில் வைத்தார். "அந்த சுவிட்சு சும்மா விழல தம்பி. கத்திக்கிட்டு இருந்திருக்கு. நீங்க அது வாயைக் கட்டிட்டீங்க."

மாமா கிளம்பப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "வேலை கிடைச்சப்புறம் போனாப் போதும். இப்ப அந்தச் சுவரைப் பூச ஆள் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 18, செவ்வாய்

எந்த சுவிட்சையும் தொட முடியவில்லை. வாலுதான் போடுகிறாள், ஸ்டூல் மேல் ஏறி. மீட்டர் பக்கம் போகவே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மிஸ் ரீடிங் நோட்டைக் கேட்டார். ஐந்து நாள் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டார். சொன்னேன், டிரிப் சுவிட்சைப் பற்றியும். மிஸ் நோட்டை மூடினார். பயப்படாதே என்று உன்னிடம் சொன்னேனே, என்றார். அவர் குரலே சரியாக இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மாலை. மழை விடவில்லை. மாமாதான் ஆரம்பித்தார். "மேடம் வர மாட்டாங்க. நான் பாத்துச் சொல்றேன். எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க." அம்மா மெஷினை நிறுத்தினார். அப்பா ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். வாலு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டே போனாள். நான் முன்னறை நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா மீட்டர் முன்னால் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தார். ஒண்ணு, இல்ல. ரெண்டு, இல்ல. மூணு, இல்ல. நடுவில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "தண்ணிதான் ஜில்லுன்னு இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார் அம்மா, உள்ளேயிருந்து, எனக்குக் கேட்கும்படி.

பத்து, இல்ல, என்றார் மாமா. சோதனை முடிந்துவிட்டது. அப்புறமும் யாரும் எழவில்லை. நான் காலைத் தரையில் வைத்தேன். விளக்குகள் அணைந்தே இருந்தன.