தினம் இரண்டு துண்டு ரொட்டி

பிப்ரவரி 6

மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று தொடங்கிப் பழகிய கை இது. இந்தத் தடவை நலமில்லை என்று சொல்வதற்காகவே எழுதுகிறேன். உன் முகவரியை உன் சித்தியிடமிருந்து வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, மூன்று முறை மறுத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

போன மாதம் என் இடது மணிக்கட்டு முறிந்தது. விழவில்லை, வழுக்கவில்லை. கெட்டிலைத் தூக்கினேன், முறிந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது எலும்பா, பிஸ்கட்டா?" என்றார். எனக்கு எழுபத்தொரு வயதானாலும், அறிமுகமில்லாதவர்களுக்கு நான் பாட்டி இல்லை என்றேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். சீலியாக் என்று ஒரு நோயாம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பு தன் குடலைத் தானே அடித்து நொறுக்கும். குடலின் உட்சுவரில் கம்பளத்து இழைபோல் நிற்கவேண்டியவை என் வயிற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. அறுபது வருடமாகத் தினமும் காலையில் ரொட்டி சாப்பிட்டு, தினமும் உள்ளே அடி வாங்கியிருக்கிறேன்.

நான் படித்த கான்வென்ட் விடுதியில் தட்டில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் எழுந்திருக்க முடியாது. நான் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. பிறகு கழிவறைக்கு ஓடியதை என் பலவீனம் என்று நினைத்து யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு முன்னால் இரண்டு கரு கலைந்ததற்கும் இது காரணமாக இருக்கலாம் என்கிறார் வயிற்று டாக்டர். மருந்து கிடையாது. சாகும்வரை கோதுமையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

இது பரம்பரையில் வருவது. பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைகளில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்குமாம். சின்ன வயதில் நீ ரொட்டியைக் கண்டாலே குமட்டுவாய். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ நாள் வாந்தி எடுத்திருக்கிறாய். நான் பிடிவாதம் என்று நினைத்துக் கண்டிப்பாக நடந்துகொண்டேன். ஒருநாள் ஸ்கேல் கை தவறிப் பட்டு உன் புருவம் கிழிந்தது. அதை நான் மறக்கவில்லை.

உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள். டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மா

பிப்ரவரி 19

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் கையிலிருந்த டீக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். அது என் கோப்பைகூட இல்லை, மேஸ்திரியுடையது. நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். சித்தி சொல்லியிருப்பாள். மேஸ்திரி துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "யாரும்மா எழுதினது, கடன்காரனா?" என்றார். "எங்கம்மா" என்றேன். "அப்படியா, இந்தா, என் தட்டையும் உடைச்சிடு" என்றார்.

இருபத்திரண்டு வருடம் கழித்து எழுதுகிறீர்கள். அதிலும் பொய். ஸ்கேல் கை தவறவில்லை.

எனக்கு எட்டு வயது. கீழே பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நான் வாந்தி எடுத்தேன். பின்னங்கழுத்தைப் பிடித்து என் முகத்தை அந்தத் தட்டிலேயே அழுத்தினீர்கள். "முழுங்கு" என்றீர்கள். நான் நிமிர்ந்தபோது, கான்வென்ட்டில் அழகான கையெழுத்துக்காக உங்களுக்குப் பரிசாகக் கொடுத்த அந்த மர ஸ்கேல் உங்கள் கையில் இருந்தது. தட்டையாக விழுந்தால் சத்தம் அதிகம், வலி குறைவு. எட்டு வயதில் எனக்கு அது மனப்பாடம். நீங்கள் அதைத் திருப்பினீர்கள். பித்தளை விளிம்பு என் பக்கம் வந்தது. நான் பார்த்தேன். ரத்தம் ரொட்டிமேல் சொட்டியது. அப்பா கதவருகே பேப்பரோடு நின்றார். பேப்பரை மடித்துவிட்டு, "வேன் போயிடும்" என்றார்.

பதினெட்டு வயதில் அதே ஸ்கேலைப் பிடுங்கி உங்களை அடித்தேன். உங்கள் சுண்டுவிரல் முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்காக நான் வருந்தியதில்லை. அன்று அந்த மாடிப்படி இறங்கியவள் இன்றுவரை ரொட்டியைத் தொட்டதில்லை. பரிசோதனை எதுவும் வேண்டாம். உங்கள் தனித்தாளைக் கிழித்துவிட்டேன்.

மகள்

மார்ச் 2

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன். ஸ்கேலைப் பற்றி உனக்கு ஒரு நினைவு, எனக்கு ஒரு நினைவு. அதைப் பற்றி இப்போது வாதாட வேண்டாம்.

என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். இருபத்தைந்து வயதுதான், ஆனால் என்னைவிடக் கண்டிப்பு. அதனால் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு துணுக்கு போதும், மறுபடியும் குடல் வெந்துவிடும் என்றாள். மரக் கரண்டி, காய் வெட்டும் பலகை, மாவு டப்பா, சல்லடை எல்லாம் குப்பைக்குப் போயின. டோஸ்டரை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று சுத்தியலால் அடித்தேன். கட்டுப்போட்ட கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அடித்தேன். கம்பிகள் தெறித்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "என்ன ஆன்ட்டி, யாரப் போட்டு அடிக்கிறீங்க?" என்றாள். "இந்த வீட்டில் அடிப்பதற்கு இனிமேல் யார் இருக்கிறார்கள்?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டு மேசையின் விரிசல்களைப் பின்னல் ஊசியால் சுரண்டினேன். பழைய துணுக்குகள் கறுப்பாக வந்தன. உன் நாற்காலிக்கு நேரே இருக்கும் விரிசலில்தான் அதிகம்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கோதுமை சாப்பிடாதவர்களுக்கு அந்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாதாம். குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு வாரம், தினம் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்கவேண்டும். ரொட்டியைத் தொடாததால் தப்பித்துவிட்டதாக நினைக்காதே. சூப்பிலும் சாஸிலும் கோதுமை ஒளிந்திருக்கிறது.

உன்னிடம் ரொட்டி சாப்பிடு என்று சொல்லத் தகுதியில்லாதவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் சொல்கிறாள். சாப்பிடு.

அம்மா

மார்ச் 28

அம்மாவுக்கு,

இது உங்களுக்காக அல்ல.

பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. மேஸ்திரி என் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். ரத்தம் பாதிதான் இருக்கிறதாம். காரணம் தெரியும்வரை மேலே ஏறக் கூடாது, கீழே உட்கார்ந்து ஃபோன் எடு என்கிறார்கள். பதினாறு வருடம் மேலே இருந்தவள் நான். வீட்டில் யாருக்காவது ஏதாவது நோய் உண்டா என்று கம்பெனி டாக்டர் கேட்டார். சொன்னேன். அவரும் நீங்கள் சொன்னதையே சொன்னார்.

பட்டறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் துண்டை வாயில் வைத்தபோது என் பின்னங்கழுத்தில் உங்கள் கை இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். மேஸ்திரி, "ஏம்மா, ரொட்டியத் தின்றியா, பாம்பத் தின்றியா?" என்றார். எழுந்து ஓடுவதற்குள் ஸ்பானர் பெட்டிமேலேயே வாந்தி எடுத்தேன். பிறகு கழிவறைக் கண்ணாடியைக் குத்தினேன். விரல் முட்டிகளில் ஏழு தையல்.

ஒன்பது நாளாகத் தினமும் வாந்தி. எனவே நோய் இருக்கிறது போலிருக்கிறது. நோயாளிக் குழந்தையைத்தான் இத்தனை வருடம் அடித்திருக்கிறீர்கள். உங்கள் அழகான கையெழுத்தில் இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்

ஏப்ரல் 6

என் மிளகுக்கு,

உன் அப்பா உன்னை இப்படித்தான் கூப்பிடுவார். நான் கூப்பிட்டதில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. இனிமேலாவது நான் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். துக்கம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். இத்தனை வருடமும் நமக்கு நடுவே நின்றது இந்த நோய்தான். உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நம் இரண்டு பேரையும் அதுதான் அடித்திருக்கிறது. என் விரலைப் பற்றியும் நீ மனதில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அப்போதே என் எலும்பு மெலிந்திருக்கவேண்டும் என்கிறார் டாக்டர். உன் அடியில் பலம் இல்லை, என் எலும்பில் பலம் இல்லை, அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வா. கோதுமைத் தூசி படாத சமையலறை என்னுடையது. பாத்திரம், தட்டு எல்லாம் புதிது. உன் நாற்காலியையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

மே 24

அம்மாவுக்கு,

என்னை மிளகு என்று கூப்பிடாதீர்கள். அந்தப் பெயர் அப்பாவுடையது. பேப்பரை மடித்துக்கொண்டு நின்றவர்தான், இருந்தாலும் அவருடையது.

ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்றுமில்லை. ரத்தத்திலும் இல்லை. சந்தேகத்துக்குக் குழாய் விட்டு நான்கு இடத்தில் கிள்ளி எடுத்தார்கள், அதிலும் இல்லை. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகான குடல் என்று டாக்டர் வாழ்த்துச் சொன்னார். ரத்தம் குறைந்தது மாதவிடாயால்தானாம். இரும்பு மாத்திரை போதும், அடுத்த மாதம் மேலே ஏறலாம். நான் அந்த ரிப்போர்ட்டைக் கசக்கி அவர் மேசைமேல் எறிந்தேன். பாவம், பயந்துபோய் மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார்.

மூன்றாவது வாரமே வாந்தி நின்றுவிட்டது. உங்களுக்கு எழுதவில்லை. மேஸ்திரி எதிரே உட்கார்ந்து, தன் மருமகன் புதுச் செருப்போடு சிமெண்டுக்குள் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே தட்டைப் பார்த்தேன். இரண்டு துண்டும் காலி. எப்போது தின்றேன் என்றே தெரியவில்லை. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் மிச்ச நாட்களையும் சாப்பிட்டு முடித்தேன். நானும் நோய் இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். நோய் இருந்தால் உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ரொட்டி நல்ல ருசி, அம்மா. நாற்பது வயதில்தான் தெரிகிறது.

எட்டு வயதில் என் வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லை. எனக்குக் குமட்டியது ரொட்டியால் அல்ல.

இன்னொன்று. உங்கள் விரலை நான் முழுப் பலத்தோடுதான் அடித்தேன். இரண்டாவது அடிக்கும் ஓங்கினேன். நீங்கள் கத்தவில்லை, அதனால் கீழே போட்டேன். அதை எலும்பின்மேல் போடாதீர்கள். நான் செய்ததை நான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்

ஜூன் 3

மகளுக்கு,

உனக்கு நோயில்லை. பெற்றவள் சந்தோஷப்படவேண்டும். பட்டேன், ஆனால் உடனே அல்ல. முதலில் கோபம்தான் வந்தது. உனக்காக வாங்கி வைத்திருந்த புதுத் தட்டைத் தரையில் அடித்தேன். பரிசோதனை செய்துகொள் என்று எழுதியதில் பாதிதான் உனக்காக. மறுபாதி எனக்காக. முத்திரை குத்திய ஒரு தாள் கிடைத்தால் அதற்குப் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். அது கிடைக்கவில்லை. ஆகவே தாள் இல்லாமல் எழுதுகிறேன்.

வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. உன் கழுத்தைப் பிடித்தேன். அது என் ஒரு கைக்குள் அடங்கியது. முகத்தைத் தட்டில் அழுத்தினேன். ஸ்கேல் கை தவறவில்லை. தட்டையாகத்தான் ஓங்கினேன். நீ அழாமல் என்னைப் பார்த்தாய். விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திருப்பினேன். பிறகு அடித்தேன். உனக்கு வயிற்றுவலியோ, காய்ச்சலோ என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அதனால், நோய் இருந்திருந்தாலும் அடித்தது நான்தான். நீ பள்ளிக்கூடம் போன பிறகு அந்த ஸ்கேலைக் கழுவித் துடைத்தேன். அன்று சாயங்காலம் உன் நோட்டுக்கு அதை வைத்தே மார்ஜின் போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது.

நீ என்னைக் கண்டுதான் குமட்டினாய். எனக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டால், தெரியும்.

என் எலும்பைப் பற்றி எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ பலமாகத்தான் அடித்தாய்.

வா என்று சொல்ல மாட்டேன். பதில் எழுது என்றும் சொல்ல மாட்டேன். இரும்பு மாத்திரையை மட்டும் டீயோடு சேர்த்துக் குடிக்காதே, உடம்பில் ஒட்டாது.

அம்மா

ஜூன் 15

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோப்பை எதுவும் உடையவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். டோஸ்டரை உடைத்தீர்கள், ஆனால் அந்த ஸ்கேலை உடைத்திருக்க மாட்டீர்கள். அதை மேசைமேல் எடுத்து வையுங்கள். அதை எடுத்துப்போகத்தான் வருகிறேன். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காதீர்கள்.

சாப்பிட எதுவும் வைக்க வேண்டாம். தண்ணீர் போதும்.

மகள்