பக்கம் மாறாத மேலதிக நேரம்

அனுப்புநர்:
தக்ஷிகா இராஜேந்திரன்,
கோல் காப்பாளர், தமிழ் மகளிர் அணி,
ஊஸ்டர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
போட்டி விதிமுறைக் குழு,
சுவிஸ் தமிழ் மகளிர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி,
பேர்ண்.

பொருள்: லா ஷோ-து-ஃபோனில் நடந்த இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்தில் அணிகள் பக்கம் மாறாதது குறித்த முறைப்பாடும், விடுபட்ட பாதியை விளையாட அனுமதி கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்முறைப்பாட்டைத் தருவது தோற்ற அணி அல்ல. கிண்ணத்தோடு வீடு திரும்பிய ஊஸ்டர் அணியின் கோல் காப்பாளர் நான். வென்றவளுக்கு என்ன குறை என்று தாங்கள் வியக்கலாம். என் அணியிலும் பாதிப் பேர் அதையே கேட்கிறார்கள்.

2. கடந்த ஞாயிறு டீட்டிகோன் அணியுடனான எங்கள் இறுதியாட்டம் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது. தொழில்முறை ஆட்டங்களில் மேலதிக நேரம் இரண்டு பாதிகளாக நடக்கும். இடையில் அணிகள் பக்கம் மாறும். வெயிலும் காற்றும் இருவருக்கும் பொதுவாகும். முதல் கோலோடு ஆட்டத்தை முடிக்கும் முறையை அங்கே முன்பு வைத்துப் பார்த்துவிட்டு, நெடுநாளைக்கு முன்பே கைவிட்டார்கள். நமது விதியிலோ ஒரே பாதி, பக்க மாற்றம் இல்லை, முதல் கோலோடு முடிவு. பிரதம விருந்தினர் உரையும் பொன்னாடை போர்த்தலும் அவரது ரயிலுக்கு முன் முடியவேண்டும் என்பதே காரணம் என அறிகிறேன். அன்றும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியில், "பிள்ளையள், விருந்தினர் வெளிக்கிடோணும், கெதியா முடியுங்கோ" என்றார். காலை வரவேற்புரைகளைக் கெதியாக முடிக்கும்படி அவர் யாரையும் கேட்டதாக நினைவில்லை.

3. அந்த ஊர் மலைமேல் இருப்பது தாங்கள் அறிந்ததே. மாலையில் காற்று ஒரே திசையில் அடித்தது. மேலதிக நேரத்துக்கான நாணயச் சுழற்சியில் வென்ற நாங்கள் காற்றையும் வெயிலையும் முதுகில் வாங்கும் பக்கத்தை எடுத்தோம். எங்கள் பயிற்றுநர் மகேஸ்வரன் அண்ணை, "காத்துள்ளபோதே தூத்துங்கோ" என்றார். எங்கள் வியூகம் முழுவதும் அவ்வளவுதான். எங்கிருந்தும் அடித்தோம். டீட்டிகோன் அணியால் நடுக்கோட்டைத் தாண்ட முடியவில்லை.

4. இனி நான் எழுதுவது முறைப்பாட்டுக்குத் தேவையில்லை என்று தோன்றினாலும், தயவுசெய்து வாசிக்கவும். எதிரணிக் கோல் காப்பாளர் கிருசிகாவின் கண்ணுக்கு நேரே வெயில். அவர் உதைத்த பந்து பாதி வழியில் நின்று அவரிடமே திரும்பி வந்தது. எங்கள் தலைவி சாருஜா தலையால் இடித்த பந்தை விரல் நுனியால் தட்டினார். விழுந்து கிடந்தபடியே அடுத்ததைக் காலால் மறித்தார். மூன்றாவது பந்து எங்கிருந்து வந்ததென்று அடித்தவளுக்கே தெரியாது, அதையும் பிடித்தார். என் பக்கம் பந்தே வரவில்லை. தீபம் காட்டும்போது சந்நிதியில் நிற்பவளைப்போல் மெய்மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கோல் காப்பது இதுதான் என்றால், இத்தனை வருடமாக நான் செய்தது என்ன என்று நினைத்தேன். ஐயா, அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

5. பிறகு சாருஜா ஓரத்திலிருந்து தூக்கியடித்த பந்து காற்றில் வளைந்து கோலுக்குள் இறங்கியது. "நான் கோலுக்கு அடிக்கேல்லையடி, காத்துத்தான் அடிச்சது" என்று வீடு திரும்பும் வாகனத்தில் அவரே சிரித்தார். மத்தியஸ்தர் ஊதினார். எங்கள் அணி துள்ளியது. கிருசிகா மட்டும் தன் தண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து என் கோலை நோக்கி நடந்து வந்தார். அவர் விளையாடிப் பழகியது சுவிஸ் கழகமொன்றில். மேலதிக நேரத்தின் முதல் பாதி முடிந்தது என்றே நினைத்துவிட்டார். என்னிடம், "அக்கா, பக்கம் மாறேல்லையோ?" என்று கேட்டார். அதற்குள் ஒலிவாங்கியில் விருந்தினரின் உரை தொடங்கிவிட்டது.

6. மைதானம் இருட்டும்வரை நமக்கே தரப்பட்டிருந்ததாக அதன் காவலர் பின்னர் என்னிடம் தெரிவித்தார்.

7. வென்ற அணியே அடுத்த மாதம் பாரிசில் நடைபெறும் ஐரோப்பியத் தமிழர் சுற்றுப்போட்டிக்குச் செல்லும். ஆகவே அதற்கு முன்பாகப் பின்வருவனவற்றுக்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்கிறேன்: மேலதிக நேரத்தை இரு பாதிகளாக்கி, பக்கம் மாற்றி, இறுதிவரை விளையாட விதி செய்யவேண்டும். விருந்தினர் உரையை ஆட்டத்துக்கு முன்பே வைத்துக்கொள்ளலாம். அத்துடன், விடுபட்ட அந்த ஒரு பாதியை அதே மைதானத்தில், அதே மாலைப் பொழுதில் நடத்தித் தரவேண்டும். சாருஜாவின் கோல் இருக்கட்டும், முன்னிலை எங்களுடையதே. அவர்கள் காற்றை எடுத்துக்கொள்ளட்டும்.

8. இம்மனுவில் அணியின் கையொப்பம் இல்லை. சாருஜா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். பாரிஸ் போக எனக்கும் ஆசைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் கிருசிகா நின்ற இடத்தில் நின்று, அந்தக் காற்றில் ஒரு பந்தையாவது என்னால் பிடிக்க முடியுமா என்று அறியாமல் அங்கே போக எனக்குக் கால் வரவில்லை.

தங்கள் முடிவை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
தக்ஷிகா இராஜேந்திரன்

இடம்: ஊஸ்டர்
நாள்: 03.09.2025