பூட் ஆகாத கம்ப்யூட்டரும் திவ்யாவின் பரீட்சையும்

ஜூன் 16, திங்கள்

மழை. துணி காயவில்லை. மாவுக்கட்டுக்குள் கால் அரிப்பு. வேலை செய்யும் ஹோட்டல் அடுக்களையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வீட்டோடு கிடப்பு.

மகள் திவ்யா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்குகிறாள். அயர்லாந்துக்கு நர்ஸாகப் போக ஆங்கிலப் பரீட்சை எழுதணும், நாள் நெருங்குகிறது. அதன் பயிற்சி ஃபோனில் ஓடாது. கூட வேலை பார்க்கும் பெண் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைத் தந்தாள். அதிலிருக்கும் சிஸ்டம் ரொம்பப் பழசு, பயிற்சி திறக்கவில்லை. புதிய சிஸ்டம் ஏற்ற வேண்டும். இங்கே சுள்ளிக்கல்லில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நவாஸ் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். திவ்யாவுக்கு நேரம் ஏது? சும்மா இருக்கிற நான்தான் ஏற்றுகிறேன்.

சொருகி, ஆன் செய்து, எஃப் 12 அமுக்கினேன். கறுப்புத் திரை. பூட் செய்ய, அதாவது கிளம்ப, எதுவும் இல்லை என்று ஒரு வரி. மறுபடி. அதே வரி.

கேஸ் புக் பண்ணணும். மத்தி வாங்கணும்.

ஜூன் 17, செவ்வாய்

நவாஸ் ஃபோனில் சொன்னபடி செட்டப்பில் பென் டிரைவை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தேன். சேவ் செய்தேன். உடனே கரண்ட் போனது. வந்த பிறகு பார்த்தால் எல்லாம் பழையபடி. தேதிகூட, திவ்யா பள்ளிக்கூடம் போன காலத்துத் தேதி.

"உள்ளே ஒரு குட்டி பேட்டரி உண்டு சேச்சி. அது போயி. மாத்தினா செட்டிங் நிக்கும்," என்றார் நவாஸ்.

பேட்டரி வாங்கி வரும்படி திவ்யாவிடம் சொல்லியிருக்கிறேன். முகம் வாடிப் போய் டியூட்டிக்குப் போனாள்.

ஜூன் 18, புதன்

பேட்டரி மாற்றியாச்சு. செட்டிங் நிற்கிறது. பூட் மட்டும் ஆகவில்லை. பென் டிரைவைப் புதிய மாடல் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி எழுதிவிட்டாராம் நவாஸ். இந்தப் பழசுக்கு அது புரியாதாம். வேறு விதமாக எழுதணும். திவ்யா தூக்கத்தை விட்டுக் கடைக்குப் போய் வந்தாள். குடை இருந்தும் முழுக்க நனைந்திருந்தாள்.

அலுப்பு. சமைக்கவில்லை. கடைப் பரோட்டா.

ஜூன் 19, வியாழன்

பூட் ஆகிவிட்டது. டிஸ்க்கில் உள்ளதை அழிக்கலாமா என்று கேட்டது. சரி கொடுத்தேன். ஏறி முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி ஆன் செய்தேன். தானாகவே வந்தது. நீலத் திரை, சுத்தமாக.

சந்தோஷம் வரவில்லை. திவ்யாவின் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். இவளும் போய்விட்டால்?

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். திவ்யா எழுந்து வந்து, "ஆச்சா அம்மா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தாள். "போதும் அம்மா. இந்தக் கால வச்சுக்கிட்டு நீ கஷ்டப்படாதே. அடுத்த தடவை எழுதிக்கிறேன்."

சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தாள், அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால்தான் இதை இங்கே எழுத முடிகிறது.

ஜூன் 20, வெள்ளி

தூங்கவே இல்லை. அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். "நேத்தே ஆயிடுச்சு. நான்தான் சொல்லல."

ஏன் என்று கேட்கவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அந்த அறையிலிருந்து அவள் குரல். மைக்கில் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்கிறாள். வேகமாக, தடுமாறாமல். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. மிக்ஸி போட வேண்டும், போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.